வீடியோ கேமை அரைகுறையாக வெளியிட்டுவிட்டுப் பிறகு பேட்ச் போடுவது சரியா?

கார்முகில்:
சைபர்பங்க் 2077 அருமையான கேம், தயங்காமல் வாங்குங்கள் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அது அப்படி ஆனது 2023 செப்டம்பரில், 2.0 பேட்ச் (பிழைகளைத் திருத்த இணையம் வழியே பிறகு வரும் அப்டேட்) வந்த பிறகு. முழு விலைக்கு விற்கத் தொடங்கியது 2020 டிசம்பர் 10-ஆம் தேதி. பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, அந்தக் கன்சோலைத் தயாரிக்கும் சோனி ஒரு வாரத்திலேயே தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மீண்டும் விற்பனைக்கு வந்தது அடுத்த ஆண்டு ஜூனில்தான்.

என்னை அதிகம் உறுத்துவது பிழைகள் அல்ல. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்தார்கள். கன்சோல் பதிப்பு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியவிடவில்லை. இதை அவசரம் என்று எப்படிச் சொல்வது? மறைத்து விற்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரவுப்பறவை:
மறைத்ததை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்காகப் பேட்ச் என்ற ஏற்பாட்டையே குற்றவாளியாக்காதீர்கள். நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேமை நினைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் வந்தபோது, எதிர்பார்த்த பாதி அதில் இல்லை. இருவர் ஒரே இடத்தில் நின்றாலும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் சிறிய குழு; திட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 2018 ஜூலையில் சேர்ந்து விளையாடும் வசதி முழுமையாக வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ அப்டேட்கள், எல்லாம் இலவசம்.

திருத்த வழியே இல்லாத காலமும் இருந்தது. 1982-இல் அட்டாரி நிறுவனத்தின் ஈ.டி. கேம் ஐந்தே வாரங்களில் எழுதப்பட்டது. கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டியில் ஏறிவிட்டால் ஏறியதுதான். விற்காத பிரதிகள் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குப்பையோடு புதைக்கப்பட்டன. 2014-இல் தோண்டி எடுத்தார்கள். அந்த நிலைமை திரும்ப வேண்டுமா?

கார்முகில்:
ஹலோ கேம்ஸ் கடனைத் தீர்த்தார்கள், வணங்குகிறேன். தீர்க்காதவர்களை எங்கே வைப்பது? ஆந்தம் என்ற கேம் 2019 பிப்ரவரியில் வந்தது. அடியோடு மாற்றித் தருகிறோம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் அந்த வேலையைக் கைவிட்டார்கள். தி டே பிஃபோர் என்ற இன்னொரு கேம் 2023 டிசம்பர் 7-இல் வந்தது. நான்கே நாளில் நிறுவனத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். முதல் நாளில் காசு கொடுப்பவனுக்கு இதில் எது தேறும், எது தேறாது என்று எப்படித் தெரியும்?

இரவுப்பறவை:
அதற்குத்தான் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் பணம் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதே. இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, பதினான்கு நாட்களுக்குள் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

கார்முகில்:
சேமித்து வைத்த ஆட்டம் பதினைந்தாம் மணி நேரத்தில் அழிந்துபோனால்?

பொன்னி:
நான் ஒரு நிறுவனத்தில் கேம்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஒரு மாதம் முழுக்க என் வேலை, ஒரு கோட்டையின் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டுவது. நடந்து, ஓடி, குதித்து, குதிரையேறி. எங்கே சுவருக்குள் கால் புதைகிறதோ அங்கே ஒரு பிழையைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தரம் உண்டு: ஆட்டமே நின்றுபோவது முதல் தரம், புல் தரையில் ஒட்டாமல் மிதப்பது கடைசித் தரம். வெளியீட்டுத் தேதி நெருங்க நெருங்க, நேற்று முதல் தரத்தில் இருந்த பிழை இன்று இரண்டாம் தரத்துக்கு இறங்கியிருக்கும். பிழை மாறியிருக்காது, தேதிதான் நெருங்கியிருக்கும். அப்படி இறக்கப்பட்ட ஒவ்வொன்றையும் எழுதியவள் நான். நீங்கள் திட்டும்போது அந்தப் பட்டியல்தான் என் கண்முன் வருகிறது.

டிஸ்க் அச்சுக்குப் போவது வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே. அதை 'கோல்டு' என்போம். சைபர்பங்க் 2020 அக்டோபர் 5-இல் கோல்டு ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். அதே மாதம் 27-இல் மேலும் 21 நாள் தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில் நடந்த வேலையெல்லாம் முதல் நாள் பேட்ச்சாக வந்து சேரும். ஆகவே பேட்ச்சை நிறுத்தச் சொல்லாதீர்கள். தேதியைத் தள்ளிப்போட்டால் கோபப்படாதீர்கள், முன்பதிவு செய்யாதீர்கள். எங்கள் குரல் மேலே எடுபட அது ஒன்றே வழி.

தெற்குவாசல்:
பொன்னி அக்கா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் பேட்ச் என்றால் என்ன என்பதையும் கேளுங்கள். ஒரு பந்தய கேம் டிஸ்க்கை, தம்பியின் பிறந்தநாளுக்காக நாலு மாதம் காசு சேர்த்து வாங்கினேன். உள்ளே போட்டதும் 38 ஜிபி அப்டேட் கேட்டது. எனக்கு மொபைல் டேட்டாதான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. இருபத்தாறு நாள் தவணை கட்டுவதுபோல் இறக்கினோம். அதுவரை மூன்றாம் பந்தயத்தில் சாலை மறைந்து கார் கீழே விழும். தம்பி முதல் இரண்டு பந்தயங்களையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரவுப்பறவை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. வருந்துகிறேன், தெற்குவாசல். எனக்கு வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. பேட்ச் என்றால் காலையில் எழும்போது முடிந்திருக்கும் விஷயம் என்றே நினைத்துப் பழகிவிட்டேன்.

ஒன்றில் மட்டும் நிற்கிறேன். பால்டர்ஸ் கேட் 3-ஐ 2020 அக்டோபரிலேயே விற்றார்கள். முடியாத கேம், முதல் பகுதி மட்டுமே இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றார்கள். முழுசாக வந்தது 2023 ஆகஸ்டில். அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது.

கார்முகில்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். முடியவில்லை என்றால் அட்டையில் முடியவில்லை என்று போடட்டும், விருப்பமுள்ளவர்கள் வாங்கட்டும்.

தெற்குவாசல்:
அந்த டிஸ்க் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் கன்சோல் பழுதாகி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. அந்த 38 ஜிபியும் போய்விட்டது. டிஸ்க்கில் இருப்பது இன்றும் அந்த முதல் நாள் கேம்தான். மூன்றாம் பந்தயத்தில் சாலை மறைகிறது. அப்டேட்டைத் தரும் நிறுவனத்தின் சர்வர் இருக்கும்வரை திரும்ப இறக்கிக்கொள்ளலாம். நேற்று இரவு தொடங்கியிருக்கிறேன்.