ஆம்ஸ்ட்ரோங் ஒருநாளும் பிடிபடவில்லையாம்!

படுவான்கரையான்:
சைக்கிள் வீரர்களின் ஊக்கமருந்து பற்றி நேற்றிரவு அக்கரைப்பற்று ரைடர் எழுதியதைப் படித்து நித்திரையே போய்விட்டது. “அமெரிக்க வீரர் ஆம்ஸ்ட்ரோங் ஒரு சோதனையிலும் சிக்கவில்லை, ஆனாலும் கள்ளன். ஸ்லோவேனியாவின் பொகாச்சரும் சிக்கவில்லை, ஆகவே அவனும் கள்ளன்.” கணக்கை விடுங்கள், முதல் வரியே பிழை. 1999-இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் ஓட்டத்தில் ஆம்ஸ்ட்ரோங்கின் சிறுநீரில் கோர்ட்டிசோன் வகை மருந்து இருந்தது. சைக்கிள் சீற்றில் உரசி வந்த புண்ணுக்குப் பூசிய கிரீம் என்று, பழைய திகதி போட்ட மருந்துத் துண்டு ஒன்றை நீட்டினார்கள். சர்வதேச சைக்கிள் சங்கம் தலையாட்டியது. அவன் சிக்கினான், இவர்கள் விட்டார்கள். அதுதான் நடந்தது.

அக்கரைப்பற்று ரைடர்:
வாங்க சேர், உங்களைத்தான் காணவில்லை என்று பார்த்தேன். சங்கம் துண்டை ஏற்றுக்கொண்டால் அது சிக்கினதாகாது. 2012-இல் அவனுடைய 7 டூர் பட்டங்களையும் பறித்தது சிறுநீரை வைத்தா? கூட ஓடிய 11 பேர் வாய் திறந்தார்கள், அதனால்தான். ஆக, சோதனையில் சிக்கவில்லை.

படுவான்கரையான்:
கிரீம், காக்கா, கிரீம்! துண்டின் திகதி பொய் என்று 2013-இல் தொலைக்காட்சியில் ஒப்ரா வின்ஃப்ரேக்கு முன்னால் அவரே ஒத்துக்கொண்டார். அவரே ஒத்துக்கொண்டதை நீங்கள் மறைக்கிறீர்கள். நல்ல விசுவாசம்.

வாவிக்கரை:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். ‘சுத்தவாளி’ என்று எதைச் சொல்கிறீர்கள்? நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். ஊக்கமருந்து விதி அப்படி இல்லை. மாதிரியில் மருந்து இருந்தாலே மீறல். உடம்புக்குள் எப்படி வந்தது என்று வீரர்தான் காட்ட வேண்டும். 2010 டூரில் வென்ற ஸ்பெயின் வீரர் கொன்டடோரின் சிறுநீரில் இருந்தது மில்லிலீற்றருக்கு 50 பிகோகிராம் கிளென்புட்டெரோல் என்ற தடைசெய்த மருந்து, வெறும் தூசு. மாட்டிறைச்சியால் வந்தது என்றார். விளையாட்டு நடுவர் மன்றம் அதை ஏற்கவில்லை, ஆனால் வேண்டுமென்றே போட்டார் என்றும் சொல்லவில்லை. கலப்படமான சத்துமாவோ குளிசையோ காரணமாக இருக்கலாம் என்றது. பட்டம் போனது. அவர் உங்கள் கணக்கில் யார்?

கல்லடிக்காத்து:
தங்கச்சி, கம்பஸ் பாடத்தை இங்கே எடுக்காதீங்க.

வாவிக்கரை:
நான் தங்கச்சி இல்லை. உங்கள் மகளுக்குப் படிப்பித்த வயது எனக்கு.

கல்லடிக்காத்து:
சரி அக்கா. ஆனால் அந்தக் கிரீம் விசயத்தில் ரைடர் சொல்வதுதான் சரி.

அக்கரைப்பற்று ரைடர்:
கிரீமை விடுங்கள். பிளாட்டோ டி பெய் என்ற மலையை 1998 டூரில் இத்தாலியின் பன்டானி ஏறினார். மறு வருடமே இத்தாலியச் சுற்றில் முன்னணியில் நின்றவரை வெளியே அனுப்பினார்கள். இரத்தத்தில் சிவப்பணு அளவு 52 சதவீதம், எல்லை 50; கூடினால் மருந்துச் சந்தேகம். அப்படிப்பட்டவரின் நேரத்தை 2024-இல் பொகாச்சர் மூன்று நிமிடத்துக்கும் மேல் முந்துகிறார். மருந்து போட்டவனைப் போடாதவன் மூன்று நிமிடம் முந்துவானா? பிள்ளைக்குச் சொன்னாலும் சிரிக்கும்.

படுவான்கரையான்:
அதே நாளில் டென்மார்க்கின் வீங்ககார்டும் பன்டானியின் நேரத்தை முந்தினார். அவரும் கள்ளனோ? அடிவாரத்திலேயே அவருடைய அணி வேகத்தை ஏற்றி இழுத்துக் கொடுத்தது. சைக்கிள் மாறிவிட்டது, டயர் மாறிவிட்டது, ஓட்டத்தின்போது தின்பதும் குடிப்பதும் மாறிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மலைக்கு ஓடுகிறீர்கள், கிரீமுக்குப் பதில் இல்லாததால். மறுகாவும் கேட்கிறேன்: 1999-இல் சிக்கினானா இல்லையா?

கல்லடிக்காத்து:
சிக்கினான் என்றே வைப்போம். துண்டைக் காட்டியதும் விட்ட அதே சங்கம்தானே இன்றும் இருக்கிறது? 2017-இல் பிரித்தானிய வீரர் ஃபுரூமின் சிறுநீரில் சல்பியூட்டமோல் எல்லையைப் போல இரண்டு மடங்கு. ஆஸ்துமா பம்ப் என்றார். 2018-இல் கேஸ் மூடப்பட்டது. உங்கள் கிரீம் உங்கள் தலையிலேயே வடிகிறது அண்ணே.

படுவான்கரையான்:
ஃபுரூம் கொடுத்த விளக்கத்தை நிபுணர்கள் பார்த்தார்கள், உலக ஊக்கமருந்து அமைப்பும் ஒத்துக்கொண்டது. அது வேறு. நான் கேட்டது கிரீம்.

கல்லடிக்காத்து:
சரி, இனி மறைக்க முடியாது. இவர் ஏன் சுத்தவாளி சுத்தவாளி என்று நெஞ்சில் அடிக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியட்டும். எங்கள் பக்கத்துச் சித்திரைப் போட்டி ஒன்றில், களுவாஞ்சிகுடியில் தொடங்கி கல்லடிப் பாலத்தில் முடிந்த ஓட்டத்தில், முதலாவதாக வந்தவர் இவர்தான். கிரான்குளத்தில் எட்டாவதாகப் போனவர், ஆரையம்பதியில் முதலாவது. இடையில் ஒரு கன்டர் லொறி போனது. பரிசு வாங்கக் கை நீட்டியபோது இடது உள்ளங்கையில் கறுப்புக் கோடு, கம்பி மொத்தத்துக்கு. நான் பக்கத்தில் நின்றேன்.

படுவான்கரையான்:
தாழங்குடாவில் சங்கிலி கழன்றது. மாட்டினேன். கிரீஸ் படாமல் சங்கிலி மாட்டின ஆளைக் காட்டுங்கள்.

அக்கரைப்பற்று ரைடர்:
அட! சங்கிலி வலப்பக்கம் அல்லவா இருக்கும், சேர்?

படுவான்கரையான்:
நான் இடக்கையன். இருபது வருடமாக இதையே கேட்கிறார்கள். லொறியைப் பிடித்ததைக் கண்ணால் கண்டவர் ஒருவர்? ஒருவர்! நடுவர்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்கள், ஒன்றும் எழுதவில்லை.

கல்லடிக்காத்து:
அந்த நடுவர்களில் ஒருவர் உங்கள் மச்சான்.

படுவான்கரையான்:
அவர் அப்போது மச்சான் இல்லை. கலியாணம் மறு வருடம்தான்.

வாவிக்கரை:
என்ன கா இது? கொன்டடோரைப் பற்றிக் கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

அக்கரைப்பற்று ரைடர்:
அக்கா, கொன்டடோர் நிற்கட்டும். சங்கிலி கழன்று நின்று மாட்டினவர் ஏழு பேரைத் தாண்டினாராம். பொகாச்சரே தோற்றுப்போவார்.

படுவான்கரையான்:
சிரியுங்கள். வெயிலில் நீங்கள் எல்லாரும் சர்பத் கடையில் நின்றீர்கள், அதனால் தாண்டினேன். பேச்சை மாற்ற வேண்டாம். 1999. கிரீம். சிக்கினானா?

கல்லடிக்காத்து:
சிக்கவில்லை. துண்டு காட்டினான். உங்களிடம் அதுகூட இல்லை.

படுவான்கரையான்:
அந்த லொறி மீன் லொறி. பின்கம்பியைப் பிடித்திருந்தால் கையில் கிரீஸா மணக்கும்?

கல்லடிக்காத்து:
மீன் லொறி என்று நான் சொல்லவே இல்லையே அண்ணே.