'அப்' எப்போது ப்ரிபொசிஷன்?

கற்பவள்: 'ஹி ரேன் அப் எ ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்'. முதல் ஆள் குன்றில் ஏறி ஓடினான், மற்றவன் பாக்கியை ஏற்றிக்கொண்டான். இரண்டு 'அப்'பையும் 'இன்', 'ஆன்' போல ப்ரிபொசிஷன் என்று எழுதினேன். இரண்டாவது தவறாம். மனப்பாடம் செய்த ப்ரிபொசிஷன் பட்டியலில் 'அப்' இருக்கிறதே?

சொல்நோக்கி: பட்டியலை நம்பியதுதான் கோளாறு. ஹில்லையும் பில்லையும் எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள். குன்று என்றால் 'ரேன் அப் இட்'. பாக்கி என்றால் 'ரேன் இட் அப்'. அங்கே 'அப்' வினையோடு சேர்ந்துவிட்டது, அதனால்தான் பெயரைத் தாண்டிப் போகிறது.

பழைய வாத்தியார்: தம்பி, இப்போதுதான் படிக்கத் தொடங்கியவருக்கு இதில் எது சரியாக ஒலிக்கிறது என்று எப்படித் தெரியும்? காது பழக வேண்டாமா? பெயரும் வினையும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும், ப்ரிபொசிஷன் அப்படிப் பெருகாது. அடிக்கடி வருபவற்றை மனதில் ஏற்றிக்கொண்டு, பின்னால் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சொல்நோக்கி: போதாது ஐயா. பில்லும் பெயர்ச்சொல்தானே? 'அப்'புக்குப் பின்னால்தானே நிற்கிறது? உங்கள் விதிப்படி இவர் எழுதியது சரியாகிவிடும்.

பழைய வாத்தியார்: பில் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதியை விடமாட்டேன். 'பிஃபோர் லஞ்ச்' ப்ரிபொசிஷன், 'பிஃபோர் ஹி கேம்' வாக்கியங்களை இணைக்கும் கன்ஜங்ஷன், 'ஐ சா ஹிம் பிஃபோர்' வினையை விளக்கும் அட்வெர்ப். பின்னால் வருவதைப் பார்க்காமல் இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

சொல்நோக்கி: ஏன் பிரிக்க வேண்டும்? 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் மூன்றையுமே ப்ரிபொசிஷன் என்கிறார்கள். தெரியும் என்ற பொருளில் வரும் 'நோ'வைப் பாருங்கள்: 'ஐ நோ ஹிம்', 'ஐ நோ ஹி கேம்', 'ஐ நோ'. பின்னால் பெயர் வந்தாலும், வாக்கியம் வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும் 'நோ' வினைதானே? 'பிஃபோர்' மட்டும் ஏன் மூன்றாக உடைய வேண்டும்?

பழைய வாத்தியார்: வாதம் பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளித் தேர்வில் மூன்றுக்கும் ப்ரிபொசிஷன் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். பிள்ளைகளுக்கு முதலில் பெயர், வினை என்று பிரிக்கும் பழைய எட்டுச் சொல்வகைதான், அப்புறம் ஹடில்ஸ்டன்.

சொல்நோக்கி: தேர்வுக்கு அப்படி எழுதட்டும், சரி. ஆனால் காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இவர் குழம்பியது காரணம் தெரியாமல்தான்.

கற்பவள்: 'இட்' போட்டுப் பார்த்தேன். 'ஷி லுக்ட் அப் தி வேர்ட்' என்பது 'லுக்ட் இட் அப்' ஆகிறது. அப்படியானால் இதுவும் பில் பக்கம்தான், இல்லையா?

பழைய வாத்தியார்: ஆமாம் அம்மா, பில் பக்கம்தான்.