அம்மாபேட்டை, ஏற்காடு மாணவர்களுக்கு டேப்லெட்: எதை வாங்குவது, இணையத்துக்கு என்ன வழி?

கேள்வி: அம்மாபேட்டை மாலை வகுப்பு

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேர வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறோம். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தறி ஓட்டும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். ஏற்காட்டில் வெள்ளக்கடைக்கு அப்பால் உள்ள ஒரு மலைக்கிராமத்திலும் சில குடும்பங்களோடு எங்களுக்குத் தொடர்பு உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள பதினைந்து குடும்பங்களுக்கு டேப்லெட்டும் இணைய வசதியும் செய்து தருவதற்காக, பழைய மாணவர்கள் ஒன்றேகால் லட்சம் ரூபாய் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது.

குறைந்த விலையில் புதிதாக வாங்குவதா, நல்ல நிறுவனத்தின் பழைய டேப்லெட்டை வாங்குவதா? சிம் போடும் வகை தேவையா, வைஃபை மட்டும் உள்ளது போதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் தீர்ந்த பிறகு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யப்போவது யார் என்பதில் எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ் கடை

உங்கள் கடைசிக் கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது. 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். பதினைந்து சிம்முக்கு அந்தச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். டேப்லெட்டின் விலை சிறியதாகத் தெரியும். அந்த வீடுகள் ஏற்கெனவே அப்பாவின் போனுக்குத் தினசரி டேட்டா உள்ள பேக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன. அதில் மிஞ்சுவது நள்ளிரவோடு வீணாகிறது. எட்டு மணிக்குப் போன் வீட்டுக்கு வந்ததும் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால், இரண்டாவது சிம் இல்லாமலே பிள்ளையின் வேலை நடந்துவிடும். வீடியோவை 480பி அளவில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரை ஜிபிதான் செலவாகும். ஆகவே வைஃபை மட்டும் உள்ள வகையையே வாங்குங்கள், விலையும் குறைவு.

புதிதா பழையதா என்பதற்கு வருகிறேன். பெயர் தெரியாத நிறுவனத்தின் 2 ஜிபி ராம் கொண்ட புதிய டேப்லெட்டைவிட, பெயர் உள்ள நிறுவனத்தின் 4 ஜிபி ராம் கொண்ட இரண்டு மூன்று ஆண்டுப் பழைய டேப்லெட் மேல் என்பது என் கருத்து. முன்னது ஆறு மாதத்தில் திணறத் தொடங்கி என் மேசைக்கு வரும். நான் செய்வதற்கும் அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் பழையதை வாங்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். கண்ணாடி மேசைமேல் டேப்லெட்டை மல்லாக்க வைத்து ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். பம்பரம்போல் சுற்றினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள், அதைத் தொடவே வேண்டாம். பிறகு ஓர் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கை எடுக்காமலே எங்காவது நழுவி விழுந்தால் அந்த இடத்தில் டச் வேலை செய்யவில்லை.

இன்னொன்று, இதுதான் பலரும் ஏமாறும் இடம். விற்பவரின் கூகுள் கணக்கை அவர் கையாலேயே நீக்கச் சொல்லி, உங்கள் முன்னிலையில் ரீசெட் செய்து, புதுக் கணக்கில் திறந்து காட்டிய பிறகே பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். பயிற்சி நிறுவனங்களும் அலுவலகங்களும் பூட்டி வைத்திருந்து வெளியே வந்த டேப்லெட்டுகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் திறப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். சிம் வகை ஒன்று கிடைத்தால், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ (கருவியின் அடையாள) எண்ணைக் குறித்துக்கொண்டு, KYM என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது என்றோ, வேறொரு கருவியில் புழக்கத்தில் இருப்பது என்றோ பதில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைஃபை வகைக்கு அந்த எண் கிடையாது. அதற்குப் பழைய பில்லைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

பதில்: பொன்னம்மாபேட்டை கேபிள்

ஹாட்ஸ்பாட் யோசனை இரவுக்குச் சரி. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் உங்கள் வகுப்புக்கு வருகிறார்கள் அல்லவா? அங்கே ஒரு ஃபைபர் இணைப்பும் நல்ல ரூட்டரும் போட்டுவிட்டால், பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பதினைந்து ரீசார்ஜுக்குப் பதில் ஒரே பில். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் உள்ள மற்ற வீடுகளுக்கும் பயன்பட வேண்டும் என்றால், மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தைப் பாருங்கள். அதில் மளிகைக் கடையோ டீக்கடையோ கூட உரிமமும் பதிவுக் கட்டணமும் இல்லாமல் பொது வைஃபை கொடுக்கலாம். பதிவுபெற்ற ஓர் ஒருங்கிணைப்பாளருடன் சேர்ந்துகொண்டால் போதும். அப்படிக் கொடுக்கும் கடைகளிடம், 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான பிராட்பேண்டுக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டிருக்கிறது. அதற்கு முன்பு வணிக இணைப்புக்கான கட்டணம் கேட்டதால்தான் சிறு கடைக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

பதில்: மலையில் ஓர் ஆசிரியர்

மேலே சொன்னதெல்லாம் அடிவாரத்துக்குப் பொருந்தும். வெள்ளக்கடைக்கு அப்பால் என்கிறீர்கள். அங்கே ஒரு வீட்டு வாசலில் சிக்னல் கிடைக்கும், பத்தடி தள்ளிச் சமையல்கட்டில் கிடைக்காது. டேப்லெட் வாங்கும் முன், வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள போன்களை எடுத்துக்கொண்டு, அந்தந்த வீட்டுக்கே போய், பிள்ளை உட்கார்ந்து படிக்கும் இடத்தில் சோதித்துப் பாருங்கள். பகலில் அல்ல, இரவு ஏழு மணிக்கு மேல்.

சிக்னல் இல்லாத வீட்டுக்கு இணையத்தைத் தேடி அலைவதைவிட, மெமரி கார்டு போடும் வசதியுள்ள டேப்லெட்டை வாங்கி நிரப்பிக் கொடுப்பது மேல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுவதும் பிடிஎஃப் வடிவில் இலவசமாகவே கிடைக்கின்றன. திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பார்க்கலாம். கிவிக்ஸ் என்ற செயலியின் மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கார்டில் ஏற்றிவிடலாம். மாதம் ஒரு முறை யாராவது மேலே வந்து புதியவற்றைச் சேர்த்துவிட்டுப் போனால் போதும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே இங்கே திரையின் அழகைவிடப் பேட்டரி முக்கியம்.

பதில்: குகை, பெயர் வேண்டாம்

ஒரு சிறு யோசனை. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் உங்கள் தறிக்காரர் வீடுகளிலேயே சில பரணில் கிடக்கும். அக்காவுக்கோ அண்ணனுக்கோ கொடுத்ததாக இருக்கும். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதில் பழைய கணினியிலும் ஓடக்கூடிய லினக்ஸ் ஏற்றினால், படிக்கவும் தட்டச்சுப் பழகவும் தாராளமாகப் போதும். டேப்லெட் வாங்கும் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையும். தவிர, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்திருப்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளைகளைவிட ஒன்பது, பத்தில் இருப்பவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பரணில் என்னென்ன கிடக்கிறது என்று இந்த வாரமே வீடுவீடாகக் கேட்கிறோம். வகுப்பறைக்கு ஃபைபர் எடுப்பது, மலைக்கு மெமரி கார்டு என்ற அளவில் முடிவு செய்திருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டை ஐயா, வாங்கப்போகும் பழைய டேப்லெட்டுகளை உங்கள் கடைக்கு எடுத்து வந்தால் பார்த்துச் சொல்வீர்களா? அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுகிறோம்.

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ் கடை

கூலி வேண்டாம். செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்குள் வாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பு வாருங்கள், பின்பு அல்ல.