பின் சக்கர ஹப் காலை வாரியபோது

பின் சக்கரக் கோளாறுகளைப் பற்றி நண்பர்கள் சிலர் தத்தம் ஊரிலிருந்து எழுதியவை இவை.

கணியம்பாடியிலிருந்து:

அமிர்தி வரை போய்த் திரும்பும் வழியில் என் கியர் சைக்கிளின் பின் சக்கரம் தகராறு செய்யத் தொடங்கியது. அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் பிரேக் கட்டையில் உரசும். மிதிப்பதை நிறுத்தினால் உரசலும் நின்றுவிடும். இப்படி வந்தால் யாருக்கும் முதலில் சந்தேகம் ஸ்போக்ஸ் கம்பி மேல்தான் போகும். ஒவ்வொன்றாக நெருக்கிப் பார்த்தேன், எல்லாம் விறைப்பாகவே இருந்தன. டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தபோதுதான் சக்கரமே நடுவில் ஆடுவது தெரிந்தது. சக்கரத்தின் நடுக் குடமான ஹப்புக்குள், ஆக்சில் என்ற அச்சுத் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. அதன் துளைக்குள் ஓடும், சக்கரத்தை ஃப்ரேமோடு இறுக்கும் குயிக் ரிலீஸ் கம்பி மட்டும் இரண்டு துண்டுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியின் புண்ணியத்தில், மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் போன கடையில், சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலே “ஹப் போய்விட்டது சார், சக்கரத்தையே மாற்றிவிடுங்கள்” என்றார்கள். திறந்து பார்க்காமல் சொல்லும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வேலூர் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பாய் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் ஃப்ரீவீலை (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே சுற்ற விடும் பின் பல் சக்கரத் தொகுதி) கழற்றி, முறிந்த ஆக்சிலை என் கையில் கொடுத்தார். முறிந்த முகத்தில் ஒரு பாதி கறுத்துப் போயிருந்தது, மறு பாதி பளபளத்தது. “இது நேற்று உடைந்தது இல்லை தம்பி. பாதி எப்போதோ உடைந்துவிட்டது, மீதிதான் நேற்று” என்றார்.

முறிந்த இடம் வலது கோனுக்கு (ஆக்சில் மேல் ஏறி, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) அருகில். ஃப்ரீவீல் வகை ஹப்பில் அங்கேதான் முறியும். பல் சக்கரங்கள் ஹப்புக்கு வெளியே மரையில் ஏறி உட்கார்ந்திருப்பதால், வலது பக்கத்து பால்ரஸ் (குண்டுகள் உருளும் வளையம்) வெகு உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஃப்ரேம் வரை ஆக்சிலுக்குத் தாங்கல் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கியர் கூடக் கூட அந்த நீளமும் கூடும். ஷிமானோ 1978 வாக்கில் கொண்டுவந்த ஃப்ரீஹப் அமைப்பில், ஃப்ரீவீல் பொறியை ஹப்போடே சேர்த்து, வலது பால்ரஸை வெளி ஓரத்துக்கே நகர்த்திவிட்டார்கள். கேசட் (ஃப்ரீஹப் மேல் செருகும் பல் சக்கரத் தொகுதி) போட்ட சைக்கிள்களில் ஆக்சில் முறிவது அரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பாய் அடுத்துச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கப்பை மண்ணெண்ணெயில் கழுவி, பால்பாயிண்ட் பேனா முனையை அதன் ஓடுபாதையில் வட்டமாக ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை. அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்திருந்தால் ஹப்பையே மாற்றச் சொல்லியிருப்பாராம். புது ஆக்சில், புது கோன், பக்கத்துக்கு ஒன்பது குண்டு (ஒவ்வொன்றும் கால் அங்குலம்), கிரீஸ். அவ்வளவுதான். புதுச் சக்கரத்தின் விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

எங்களுடையது கியர் இல்லாத 28 அங்குலப் பெரிய சைக்கிள். முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ். தறிக்கு நூல் மூட்டை ஏற்றியே அதற்கு வயதாகிவிட்டது. இந்த ஆக்சில் அவ்வளவு சுலபத்தில் முறியாது. இதற்கு எமன் கௌண்டன்யா ஆற்று மணல்தான். சிரசுத் திருவிழா நெருக்கத்தில், கடைக்காரர்கள் எல்லாம் கோயில் பக்கம் போய்விட்ட நேரம் பார்த்து, பின் சக்கரம் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. அப்பாவும் நானும் வீட்டிலேயே பிரித்தோம். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கருஞ்சேறு. குண்டுகளில் சில பாதியாகப் பிளந்திருந்தன.

உடைந்ததை மட்டும் மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தேய்ந்த பழைய குண்டுகளுக்கு நடுவே புதியது போட்டால் பருமனான அந்தப் புதியதே மொத்தப் பாரத்தையும் சுமந்து உடையும். எல்லாவற்றையும் மாற்றினோம்.

கோனை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, காற்றடிக்கும் வால்வை மேல் பக்கமாகச் சற்றுச் சாய்த்து விட வேண்டும். அந்த வால்வின் எடைக்கே சக்கரம் தானாகச் சுற்றி, முன்னும் பின்னும் ஊசலாடி நிற்க வேண்டும். ரிம்மை அசைத்தால் ஆட்டமும் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து அமையும் வரை கோனை நகராமல் பூட்டும் லாக் நட்டோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ராணிப்பேட்டையிலிருந்து:

எனக்கு நேர்ந்தது ஹப் கோளாறு மாதிரியே இருந்தது, ஆனால் ஹப் இல்லை. பெடல் முன்னாலும் சுற்றும், பின்னாலும் சுற்றும், வண்டி மட்டும் நகராது. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நாய்கள் (பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும் சிறு கொக்கிகள்) பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு மேலே எழவில்லை. வாலாஜா ரோட்டில் நல்ல வெயில், தள்ளிக்கொண்டு நடக்கத் தெம்பில்லை. வேலியோரம் கிடந்த கட்டுக்கம்பியால் பின்பக்கத்துப் பெரிய பல் சக்கரத்தை ஸ்போக்ஸோடு சேர்த்துப் பல இடங்களில் கட்டினேன். வண்டி ஓடியது. சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது. இறக்கத்தில் இதை முயலாதீர்கள்.

காட்பாடியிலிருந்து:

முதல் நண்பர் சக்கரம் மாற்றச் சொன்ன கடையைக் குறை சொல்கிறார். எனக்கு ஹப்பின் விளிம்பே ஸ்போக்ஸ் துளையோரம் பிய்ந்து வந்துவிட்டது. அதற்கு எந்த பாயும் வைத்தியம் பார்க்க முடியாது. புது ஹப் வாங்கி, 36 கம்பியும் கோத்து, கோட்டம் எடுக்க (சக்கரம் கோணாமல் நேராகச் சுற்றும்படி கம்பிகளைச் சரிசெய்ய) வேண்டும். விளிம்பின் அளவு மாறினால் பழைய கம்பிகளும் நீளம் பொருந்தாது. கோக்கத் தெரிந்தவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்து, தயாராகக் கிடைக்கும் சக்கரத்தையே வாங்கிவிட்டேன்.

மீண்டும் கணியம்பாடி:

காட்பாடி நண்பர் சொல்வது சரி, விளிம்பு பிய்ந்தால் வேறு வழியில்லை. ஆனால் பிய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யலாமே. ஹப் மாற்றுவதென்று முடிவானால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃப்ரீவீலைக் கழற்றும் முன் ஸ்போக்ஸை வெட்ட விடாதீர்கள். மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் மரையில் இறுகிக்கொண்டே போயிருக்கும். கழற்ற ரிம்மைத்தான் பிடியாக வைத்துத் திருக வேண்டும். ரிம் போய்விட்டால் நல்ல ஃப்ரீவீலும் பழைய ஹப்போடு காயலான் கடைக்குத்தான் போகும்.