கலைச்சொல் வேண்டும்: பாட்டின் நடுவே விழித்துக்கொள்ளும் மரபுத்தொடர்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆங்கிலப் பாடல்களுக்குக் குறிப்புரை எழுதும்போது ‘மரபுத்தொடர்’ என்ற ஒற்றை முத்திரை போதவில்லை. லோரென்ஸ் ஹார்ட் எழுதி ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையமைத்த ‘ப்ளூ மூன்’ (1934) பாட்டையே பாருங்கள். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் மிக அரிதாக. நம்மிடம் ‘அத்தி பூத்தாற்போல’ இருக்கிறது. ஆனால் அதை இங்கே வைக்க முடியாது. பாட்டின் பிற்பகுதியில் அந்த நிலா பொன்னாகிவிடுகிறது. அத்திப்பூ எப்படிப் பொன்னாகும்? போதாக்குறைக்கு ‘ப்ளூ’ ஆங்கிலத்தில் துயரத்தின் நிறம். தமிழில் நீலம் கண்ணனையும் நஞ்சையும் சொல்லும், துக்கத்தைச் சொல்லாது.

‘ஒரே மாதத்தின் இரண்டாம் பௌர்ணமி’ என்று சிலர் குறிப்பு எழுதுகிறார்கள். அது தவறு. மெய்ன் மாநில விவசாயிகள் பஞ்சாங்கத்தில், நான்கு பௌர்ணமி வரும் பருவத்தின் மூன்றாவதற்குத்தான் அந்தப் பெயர். 1946 மார்ச் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழ்க் கட்டுரை அதைப் பிழையாகப் படித்ததால் மாதக் கணக்கு பரவியது. 1934 பாட்டுக்குள் அது நுழைய இடமே இல்லை.

இப்படித் தொடரின் சொல்வழிப் பொருள் திரும்பி வருவதற்கு ‘மரபுடைப்பு’ சரியா?

---

> ‘மரபுடைப்பு’ சரியா?

சரியில்லை ஐயா. சம்பிரதாயத்தை மீறுவதைத்தான் பத்திரிகைத் தமிழ் அப்படிச் சொல்லும். இங்கே எதுவும் உடையவும் இல்லை.

பெயர் வைக்குமுன் ஆளை அடையாளம் காண வேண்டும். தொடரில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு ஒத்த சொல்லைப் போடுங்கள். சாவைக் குறிக்கும் ‘கிக் த பக்கெட்’டில் (சொல்வழியே ‘வாளியை உதை’) பக்கெட்டைப் ‘பெய்ல்’ ஆக்கினால் சாவு போய் வாளி மட்டும் மிஞ்சும். ஆகவே அது மரபுத்தொடர். பிறகு அந்தப் பொருளின் உறவுச்சொற்கள், வாளியென்றால் தண்ணீர், கிணறு, கயிறு, மற்ற அடிகளில் வருகின்றனவா என்று தேடுங்கள். வராவிட்டால் தமிழ் மரபுத்தொடரைத் தாராளமாக வைக்கலாம். வந்தால் படிமத்தைப் பாட்டடியில் அப்படியே விட்டு, மரபுப் பொருளைக் குறிப்பில் தர வேண்டும்.

---

> சிலேடை என்றே சொல்லலாமே?

காளமேகத்தின் பாம்பு-எள் வெண்பாவில் இரு பொருளும் முதலடியிலிருந்தே கூடவே ஓடும். இங்கே ஒன்று தூங்குகிறது, பின்னால் எழுகிறது. அந்தத் தாமதம் பெயரில் தெரிய வேண்டும்.

‘படிம மீட்பு’ கணினிக்காரர்களிடம் போய்விட்டது. ‘மீட்பு’ என்றால் வெளியிலிருந்து ஒருவர் வந்து காப்பாற்ற வேண்டும். இங்கே பொருள் தானே திரும்புகிறது. எனவே ‘நேர்ப்பொருள் மீட்சி’; நேர்ப்பொருள் என்பது சொல்வழிப் பொருள்தான். குறிப்புரையில் இப்படி வரும்: ‘ப்ளூ மூன் – மரபுத்தொடர், நேர்ப்பொருள் மீட்சி உண்டு, நிலா பொன்னாகும் அடியில்.’

‘நேர்ப்பொருள்’ என்பதில் ‘ப்’ மிகுமா என்று அடுத்த மடல் வரும் என்று தெரியும். நேர்க்கோடு என்று எழுதுபவர்கள் மிகுத்தே எழுதட்டும், நேர்கோடுக்காரர்கள் விட்டுவிடட்டும்.