ஆச்சி வீட்டுக் குழு: அறுநூறு ரூபாய் சந்தா

26 மார்ச் 2025, புதன்கிழமை

*இரவு 9:12*
தங்கை: வணிகர் சங்கத்திலிருந்து இன்றைக்குக் கடைக்கு வந்தார்கள். ஆண்டுச் சந்தா 600 ரூபாயாம். அம்மா "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

*9:14*
நான்: சரியாகத்தான் செய்திருக்கிறார். சந்தாவும் வாங்குவார்கள், மே 5 வணிகர் தினம் வந்தால் கடையையும் பூட்டச் சொல்வார்கள். இந்த வருஷம் அது திங்கட்கிழமை. அன்றைக்கும் ஆப்காரன் பத்து நிமிடத்தில் அரிசியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போவான். அவனை இந்தச் சங்கம் என்ன செய்தது?

*9:15*
அம்மா: அதைத்தான் நானும் கேட்கிறேன்.

*9:21*
மாமா: மருமகனே, சங்கப் பொருளாளர் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 😄

*9:22*
சித்தி: அண்ணே, முதலில் இதைச் சொல்லுங்கள். மாநில வணிகர் அமைப்புகளில் நம்முடையது பேரமைப்பா, பேரவையா? எனக்கு எப்போதும் குழப்பம்.

*9:26*
மாமா: விக்கிரமராஜா தலைமையில் இருப்பது பேரமைப்பு. நம் தெருச் சங்கம் அதில்தான் இருக்கிறது. வெள்ளையன் நடத்தியது பேரவை. அவர் போன செப்டம்பரில் காலமாகிவிட்டார். 2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்றபோது இரண்டு பக்கமும் ஒரே குரல்தான்.

*9:28*
அம்மா: அந்தக் கோடையில் நம் கடையில் பொவண்டோதான் ஓடியது. ஆனால் எத்தனை நாள் அண்ணே? கொஞ்ச நாளில் பழையபடி எல்லாம் வந்துவிட்டதே.

*9:31*
மாமா: வந்ததுதான், அதை மறைக்கவில்லை. பிள்ளைகள் வந்து கேட்டால் கடைக்காரன் எத்தனை நாள் இல்லை என்பான்? சரி, வேறொன்று கேட்கிறேன். உன் கடை வாடகை எவ்வளவு?

*9:31*
அம்மா: 12,000.

*9:37*
மாமா: கட்டட ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. உனக்கு இருக்கிறது. போன அக்டோபர் 10 முதல் அப்படிப்பட்ட கடை வாடகைக்கு 18 சதவீத வரியைக் குடியிருக்கிற கடைக்காரனே கட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 12,000க்கு 2,160. மாசாமாசம்! பெரிய கடைக்காரன் கட்டினாலும் உள்ளீட்டு வரி என்று தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வான். நீ காம்போசிஷனில், அதுதான் சின்னக் கடைக்கான ஜிஎஸ்டி திட்டத்தில், விற்பனையில் ஒரு சதவீதம் கட்டுகிற ஆள், உனக்கு அந்தக் கழிவே கிடையாது. போன பணம் போனதுதான்.

*9:38*
நான்: அம்மா கட்டினாரா?

*9:42*
மாமா: அதற்குத்தானே டிசம்பரில் கொடி பிடித்துக்கொண்டு நின்றோம். நாடு முழுக்க வணிகர் சங்கங்கள் மனு மேல் மனு போட்டன. டிசம்பர் 21 ஜெய்சல்மேரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் காம்போசிஷன்காரர்களை அதிலிருந்து விடுவித்தார்கள். நடுவில் இருந்த மாதங்களையும் கேட்க மாட்டோம் என்றார்கள். எங்கள் ஒரு சங்கத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக நீ எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

*9:44*
நான்: இது எனக்குத் தெரியாது மாமா.

*9:44*
அம்மா: எனக்கும்தான். ஆடிட்டர் ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன்.

*9:49*
சித்தி: அக்கா, அந்த பிஸ்கட் கதையைச் சொல்லு.

*9:55*
அம்மா: ஒரு பிஸ்கட் கம்பெனி டிஸ்ட்ரிப்யூட்டர் காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுக்கவே மாட்டேன் என்றான். என் கடையில் மட்டும் 1,840 ரூபாய்க்குக் கிடந்தது. சேல்ஸ்மேன் வருவான், ஆர்டர் கேட்பான். நான் குனிந்து அந்த அட்டைப்பெட்டியை இழுத்தால் போதும், அவனுக்கு உடனே போன் வந்துவிடும். "ஹலோ, ஹலோ" என்று படியிறங்கிவிடுவான்.

*9:57*
மாமா: 27 கடை சேர்ந்து அந்த டிஸ்ட்ரிப்யூட்டருக்கே ஆர்டர் இல்லை என்றோம். இரண்டாவது செவ்வாய்க்கிழமை வண்டி தானாக வந்தது.

*9:58*
அம்மா: பாதிதான் எடுத்தான். மீதிக்கு ஸ்கீம் சரக்கு என்று சோப்பைத் தலையில் கட்டினான். இன்னும் விற்கிறேன்.

*9:59*
தங்கை: வீட்டிலும் அதே சோப்புதான் 😭

*10:03*
நான்: சரி, ஆப் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

*10:08*
மாமா: டிஸ்ட்ரிப்யூட்டர்கள் கூட்டமைப்பு போன அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறது, அடக்க விலைக்கும் கீழே விற்றுக் கடைகளை ஒழிக்கிறார்கள் என்று. அது நடக்கிறபோது நடக்கும். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, உன்னிடம் சொல்வதற்கென்ன. நீ சொல், பெங்களூரில் கடைசியாக ஆப்பில் என்ன வாங்கினாய்?

*10:09*
நான்: கறிவேப்பிலை.

*10:09*
சித்தி: கறிவேப்பிலைக்குக் காசா!!

*10:10*
அம்மா: இவனைப் பெற்றவள் கடையில் கொசுறாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*10:14*
மாமா: 😂😂 அது கிடக்கட்டும். தங்கச்சி, உன் எலெக்ட்ரானிக் தராசுக்கு, எடை சரி என்கிற அரசு முத்திரை எப்போது போட்டது?

*10:15*
அம்மா: போன வருஷம் போட்டோமே.

*10:16*
மாமா: ஈய வில்லையில் என்ன எழுதியிருக்கிறது? பாப்பாவை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்.

*10:22*
தங்கை: கடையைத் திறந்து பார்த்தேன். வில்லை மேல் ஒரே மாவு, துடைத்த பிறகுதான் தெரிகிறது. ஒரு ஏ, பக்கத்தில் 24.

*10:25*
மாமா: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள காலாண்டு. 24 வருஷம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மறுமுத்திரை. இரும்புப் படிக்கல்லாக இருந்தால் இரண்டு வருஷம் தாங்கும். இன்றைக்குத் தேதி 26. புரிகிறதா?

*10:26*
அம்மா: ஐயோ.

*10:30*
மாமா: வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் முகாம் போடுகிறோம். தொழிலாளர் துறையிலிருந்து முத்திரை ஆய்வாளர் வருகிறார். அரசுக் கட்டணம் மட்டும்தான், ரசீது உண்டு. தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு அலைய வேண்டாம். சந்தா கட்டாதவர்களும் வரலாம். வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

*10:31*
நான்: இது மிரட்டல் மாமா.

*10:31*
மாமா: நிர்வாகம் என்று சொல் மருமகனே.

*10:35*
அம்மா: சந்தாவை நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன். மே 5க்குப் பூட்டுவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன்.

*10:36*
மாமா: மே 5 மதுராந்தகம் வணிகர் மாநாட்டு வண்டியில் உனக்கு ஒரு இடம் போட்டு வைக்கிறேன்.

*10:37*
அம்மா: விடிகாலை பால் டப்பை யார் இறக்குவது, நீங்களா?

*10:40*
மாமா: வெள்ளிக்கிழமை தராசோடு சார்ஜரையும் எடுத்து வா. போன தடவை பாதிப் பேர் தராசு எரியாமல் நின்றார்கள்.

*10:41*
தங்கை: அம்மா, சார்ஜர் எங்கே?

*10:44*
அம்மா: புளி டின்னுக்குப் பின்னால் பார். இல்லையென்றால் சோப்புப் பெட்டிக்குள்.