ஜனவரி 31 தொன் போஸ்கோ திருவிழா: விடுதியில் நவநாள், கொடி, சப்பரம், பிரியாணி

விடுதிப்பணி கேட்டது:
தொன் போஸ்கோ நிறுவிய சலேசிய துறவற சபையின் பள்ளி. விடுதியில் 200 பையன்கள், பாதிப்பேர் கத்தோலிக்கர். 2027இல் ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்றைக்கு ஞாயிறு திருப்பலியா, தொன் போஸ்கோ திருப்பலியா? 22ஆம் தேதி கொடியேற்றிவிட்டால் 26ஆம் தேதி தேசியக் கொடியை என்ன செய்வது? சப்பரத்தைப் பையன்களே தூக்கலாமா? மதியத்துக்குச் சிக்கன் பிரியாணி, அரிசி எத்தனை கிலோ போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சாக்ரிஸ்தான்:
சலேசிய இல்லங்களில் அது பெருவிழா, அதாவது திருவழிபாட்டில் மிக உயர்ந்த நிலை விழா. சபை நிறுவனரின் பெருவிழா என்பதால் பொதுக்கால ஞாயிறு அதற்கு வழிவிடும். வெள்ளை உடை, ‘உன்னதங்களிலே’ கீதம், நம்பிக்கை அறிக்கை எல்லாம் உண்டு. பெயர் மட்டும் தொன் போஸ்கோ என்று வைத்திருக்கிற மறைமாவட்டப் பள்ளிகள் இதைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. அங்கே அது பெருவிழாவைவிடக் கீழ்நிலையான நினைவு நாள் மட்டுமே, ஞாயிறுதான் நிற்கும். சிற்றாலயமே அவர் பெயரில் இருந்தால் கதை வேறு.

நவநாள் 22 முதல் 30 வரை. ஒன்பது நாளும் மாலையில் முழுத் திருப்பலி வைத்தால் படிப்பு நேரம் போய்விடும். பிளஸ் டூ பையன்களுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்குகிற சமயம் அது. விளையாட்டு முடிந்து குளித்து வந்ததும் 20 நிமிடம் போதும்: ஒரு பாட்டு, வாசகம், நவநாள் செபம், ஆசீர். பிரசங்கத்தை இரவுச் செபத்துக்குப் பிறகு பையன்களிடம் பேசும் ‘குட் நைட்’ சிறு பேச்சோடு சேர்த்துவிடுங்கள். அந்த வழக்கமே தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா ஆரம்பித்து வைத்ததுதான், ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 24ஆம் தேதி சபையின் பாதுகாவலர் பிரான்சிஸ் சலேசியார் நாள், அன்றைய பேச்சுக்கு வேறு தலைப்பு தேட வேண்டாம்.

பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவ அறிக்கை செய்வதை) 30ஆம் தேதி மாலைக்குத் தள்ளாதீர்கள். 100 பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், மூன்று ஃபாதர்கள் என்றால் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். 29 வெள்ளியன்று வகுப்பு வகுப்பாக அனுப்புங்கள்.

கொடிமரம்:
26ஆம் தேதி விஷயத்தில் கவனம் தேவை. தேசியக் கொடி பறக்கிற கம்பத்தில் அதே நேரம் வேறு கொடி பறக்கக் கூடாது. அதைவிட உயரத்திலும், அதற்குப் பக்கத்தில் சரிக்குச் சமமாகவும் வேறு கொடி, தோரணம் கூடாது. ஆகவே புனிதரின் கொடிக்குச் சிற்றாலய வாசலில் தனிக் கம்பம் நடுங்கள், பள்ளி மைதானத்துக் கம்பத்தைத் தொடவே வேண்டாம். மைதானத்தில் திருவிழாத் தோரணம் கட்டுவதை 26 மாலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் 30ஆம் தேதி காலை 11 மணிக்குத் தியாகிகள் நாள் மௌனம். அந்த நேரத்தில் மைக்செட்காரர் ‘ஹலோ, டெஸ்டிங்’ சொல்லாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

கொடி மேலே போய் விரியாமல் தொங்குவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து. காரணம் முடிச்சு. கொடியை நீளவாக்கில் மடித்து, நடுவில் ஒரு கைப்பிடி பூவிதழ் மட்டும் வைத்துச் சுருட்டி, இழுகயிற்றின் நுனியால் ஒரே ஒரு உருவு முடிச்சு போட வேண்டும். பையன்கள் பாதுகாப்புக்கு என்று இன்னொரு சுற்று சுற்றிவிடுவார்கள், அங்கேதான் இறுகும். இதழ் ஈரமாக இருந்தால் சாட்டின் துணியில் ஒட்டிக்கொள்ளும். தை மாதப் பனியில் முதல் நாள் இரவே கட்டி வைக்கவும் கூடாது. கப்பிக்கு எண்ணெய் விட்டு, மாலையில் ஒரு வெறுந்துணியை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

சமையற்கட்டு:
பொதுவாக ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் கணக்கு. விடுதிப் பையன்களுக்கு ஏழுதான். 200 பேருக்கும் ஆசிரியர், பணியாளருக்குமாக 30 கிலோ சீரகச்சம்பா, 30 கிலோ கோழி. ஒரே அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேலே விதை விதையாக நிற்கும். பத்துப் பத்தாக மூன்று அண்டா.

ஓர் அண்டாவுக்கு வெங்காயம் 5 கிலோ, தக்காளி 3 கிலோ, பூண்டு 1 கிலோ, இஞ்சி 800 கிராம், தயிர் 1 லிட்டர், எண்ணெய் 2 லிட்டர். தண்ணீர், கோழி விடுகிற சாறையும் சேர்த்து, ஒரு படிக்கு ஒன்றரைப் படி. கொதிக்கும்போது வாயில் வைத்தால் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். அரிசியும் தண்ணீரும் சமமட்டத்துக்கு வந்ததும் மூடி, மேலே கங்கு போட்டு 20 நிமிடம் தம்.

பெரிய தவறு: 30 கிலோ அரிசியையும் ஒரே நேரத்தில் ஊற வைப்பது. சீரகச்சம்பாவுக்கு 20 நிமிடம் போதும். மூன்றாவது அண்டா தயாராகும்போது அந்த அரிசி ஒரு மணி நேரம் ஊறி, கரண்டி பட்டாலே உடையும். அண்டா அண்டாவாக ஊற வையுங்கள். சைவப் பையன்களின் பெயரை முந்தின வாரமே எழுதி வாங்கி, அவர்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

சப்பரம் சேவியர்:
பையன்கள் தூக்கலாம், ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும். நான்கு மூலைக்கும் ஒரே உயரமுள்ளவர்களைத் தேர்ந்தெடுங்கள். உயரம் மாறினால் திருப்பத்தில் சப்பரம் ஒரு பக்கம் சாயும். மாற்று ஆள் ஒரு செட் பக்கத்திலேயே நடக்கட்டும். ஃபைபர் சுரூபமே (புனிதரின் சிலை) நல்லது. பிளாஸ்டர் சுரூபம் கயிறு இறுக்குகிற இடத்தில், பாதத்துக்கு மேலே, விரிசல் விடும். கயிற்றால் கட்டாமல் பீடத்தைப் பலகையோடு போல்ட் போடுங்கள்.

விளக்குக்கு ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியும் எல்இடி பட்டையும் போதும். சப்பரத்தைத் தோளில் வைத்த உயரத்தை ஒரு மூங்கிலில் குறித்து, பாதை முழுக்க முந்தின நாளே நடந்து பாருங்கள், மரக்கிளையும் கேபிள் வயரும் அப்போது தெரியும். பனியால் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறும், முகூர்த்த நாளென்றால் இன்னும். செவ்வந்தியும் சம்பங்கியும் வாங்குங்கள், இரவு வரை வாடாது.

விடுதிப்பணி:
நன்றி. தனிக் கம்பத்துக்கு இன்றே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வந்தால் சாப்பாடு?

சமையற்கட்டு:
25ஆம் தேதிக்குள் எண்ணிக்கை வாங்குங்கள். ஏழு பேருக்கு ஒரு கிலோ வீதம் கூட்டி நான்காவது அண்டாவாக வையுங்கள், மூன்றில் பிரித்துத் திணிக்காதீர்கள்.